மூடி இறுகினால் எங்கே பார்ப்பது, ஆடினால் எங்கே பார்ப்பது: லேத்தில் கடையும் மரச் சிமிழுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

குங்குமச் சிமிழ், விபூதிச் சிமிழ், ஏலக்காய் டப்பா, மோதிரம் போட்டு வைக்கும் குட்டிப் பெட்டி. லேத்தில் கடையும் மூடி போட்ட சிறு பெட்டி எதுவானாலும் வருகிற கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றேதான். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சிமிழ் என்ன பண்ணுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் இருக்கும்.

எல்லாமே 50 முதல் 70 மி.மீ. விட்டத்துக்குள் இருக்கும் சிமிழ்களுக்கானது. மரத்தின் ரேகை லேத்தின் அச்சோடு நீளவாக்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். அடிப்பெட்டியில் மூடிக்குள் நுழையும் பகுதியைக் கழுத்து என்றும், அதை வாங்கிக்கொள்ளும் மூடியின் உட்புறத்தை வாய் என்றும், லேத்தில் கட்டையைத் தாடைகளால் பிடிக்கும் சக் கவ்வுவதற்காக விட்டுவைக்கும் துண்டைப் பிடி என்றும் எழுதுகிறேன்.

சென்னைக்காரர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். மூடி சம்பந்தமான புகார்களில் பெரும்பாலானவை காற்றில் இருக்கும் ஈரத்தின் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது மரம் தன் எடையில் 15, 16 சதவீதம் வரை ஈரம் பிடித்து வைத்திருக்கும். அதே மரத்தை ஏசி அறையில் 50 சதவீத ஈரப்பதத்தில் சில வாரம் வைத்தால் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இந்த வித்தியாசமே ஒரு மூடியை இறுக்கவும் போதும், ஆட வைக்கவும் போதும். அதனால் உளியை எடுக்கும் முன் மூடியைத் திருப்பிப் பாருங்கள். எப்படி என்று முதல் தலைப்பிலேயே இருக்கிறது.

## மூடி திறக்க வரவில்லை, அல்லது மூட வரவில்லை

### லேத்திலிருந்து இறக்கிய கையோடு இறுகினால்

உப்புத்தாள் போட்ட சூடாக இருக்கலாம். மெல்லிய சுவர் சூட்டில் கோணிக்கொள்ளும். இரண்டு துண்டையும் பிரித்து, மின்விசிறிக் காற்று படாத இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். ஆறிய பிறகு சரியாக உட்கார்ந்தால் வேலை முடிந்தது. சூட்டோடு சூடாகக் கழுத்தைச் சீவினால், ஆறிய பிறகு மூடி கலகலவென்று ஆடும்.

### ஒரு திசையில் இறுகி, இன்னொரு திசையில் சரியாக இருந்தால்

மூடியைக் கால் வட்டம் திருப்பி மறுபடி போட்டுப் பாருங்கள். ஒரு நிலையில் சுலபமாக இறங்கி, இன்னொரு நிலையில் பிடித்துக்கொண்டால் சிமிழ் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மரம் வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேக்கில் 60 மி.மீ. வாய் என்றால், மழைக்கும் வெயிலுக்கும் இடையே ஒரு பக்கம் அரை மில்லிக்கு மேலும் மறுபக்கம் அதில் பாதியும் மாறக்கூடும்.

வெர்னியரை எடுத்துக் கழுத்தை இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள்.

வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், அது எல்லாச் சிமிழிலும் இருப்பதுதான். 0.2, 0.3 என்று வந்தால் மூடியின் ரேகையையும் பெட்டியின் ரேகையையும் நேராக்கிப் பொருத்துங்கள். ஒரே கட்டையிலிருந்து வந்த இரண்டு துண்டும் ஒரே பக்கம்தான் கோணும், நேராக வைத்தால் கோணலும் கோணலும் ஒத்துப்போகும். எந்த நிலை சரி என்று தெரிய விளிம்பில் ஊசி முனையளவு ஒரு குறி வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர்களுக்கு அந்தக் குறியைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் மரம் காயவே இல்லை. இப்போது சீவிச் சரி செய்தாலும் அடுத்த மாதம் மறுபடி கோணும். இரண்டு துண்டையும் காகிதப் பைக்குள் போட்டு, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். கிராம் கணக்கு இறங்குவது நின்ற பிறகுதான் கழுத்தைத் தொட வேண்டும்.

புயலுக்குப் பிறகு தெருவில் கிடைக்கும் மரத்தில் இந்தத் தொல்லை உறுதி. 2016 டிசம்பரில் வர்தா சாய்த்துப் போட்ட மரங்களையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது விழுந்தவற்றையும் பலர் ஆசை ஆசையாக அறுத்து எடுத்து வைத்தார்கள். தூங்குமூஞ்சி, வாகை, பூவரசு எல்லாம் கடைசலுக்கு நல்ல மரம்தான், பூவரசு மிகவும் நல்ல மரம். ஆனால் பச்சை மரத்தை உருட்டுக்கட்டையாகவே வைத்துக் காய வைத்தால் வெடித்துவிடும். முதலில் சுவர் 8 முதல் 10 மி.மீ. தடிமனில் இருக்கும்படி கரடாகக் குடைந்து, வெட்டுமுகங்களில் மெழுகு தடவி, மாதக்கணக்கில் போட்டு வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய பர்மா தேக்கை வாங்குங்கள். உத்தரக்கட்டையோ ஜன்னல் சட்டமோ எதுவானாலும் பல பத்தாண்டு காய்ந்தது. கடையும் முன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது மட்டும் முக்கியம்.

### எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுகினால்

மழைக்காலம் என்றால் முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். சிமிழை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். தானாக இளகினால் ஈரம்தான் காரணம். கழுத்துக்குப் பெரும்பாலும் யாரும் பாலிஷ் போடுவதில்லை, அதனால் ஈரம் அங்கேதான் சீக்கிரம் ஏறுகிறது. இளகிய நிலையில் கழுத்துக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சு அவலரக்குப் பாலிஷ் (ஷெல்லாக்) கொடுத்தால் அடுத்த மழைக்கு இவ்வளவு இறுகாது.

இளகவில்லையா? கழுத்தில் பாலிஷ் தடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரை மூன்று நான்கு கோட் அடித்தால் அதுவே இறுக்கத்துக்குப் போதும். தின்னர் நனைத்த துணியால் கழுத்தை மட்டும் துடைத்தெடுங்கள்.

அப்புறமும் இறுகினால்தான் மரத்தைச் சீவ வேண்டும். எங்கே சீவுவது? மூடியின் வாய்க்குள் பென்சிலால் நன்றாகக் கிறுக்கி, கழுத்தில் போட்டுத் திருகி எடுங்கள். கழுத்தில் கறுப்பாகப் பளபளக்கும் இடம்தான் இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் 240 உப்புத்தாளால் இரண்டு தேய், மறுபடி போட்டுப் பார். கழுத்தின் நுனியில் மட்டும் கறுப்பு தெரிந்தால் வாய் உள்ளே போகப்போகக் குறுகுகிறது, கழுத்தைத் தொடாமல் வாயை நேராக்குங்கள். கழுத்தின் அடியில் மட்டும் தெரிந்தால் கழுத்து சரிவாக இருக்கிறது.

### திறக்கவே முடியாமல் மாட்டிக்கொண்டால்

கத்தியையோ ஸ்க்ரூ டிரைவரையோ இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். விளிம்பு பிய்ந்து வரும், மூடி வராது. டப்பாவில் காய வைத்த பிறகு, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, இணைப்பைச் சுற்றி மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே திருகுங்கள். பாட்டி காலத்து ஈட்டிமரச் சிமிழ், தந்தச் சில்லு பதித்தது, மூடியில் வேலைப்பாடு உள்ளது என்றால் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, பழைய மரச்சாமான் புதுப்பிக்கும் ஆசாரியிடம் கொடுங்கள். நூறு வருஷப் பொருளில் பயிற்சி எடுக்க வேண்டாம்.

## மூடி லூஸாக இருக்கிறது

திருப்பிப் பார்க்கும் சோதனை இங்கேயும் முதலில். ஒரு நிலையில் பிடிப்பு இருந்தால் அதுவே நிரந்தர நிலை, குறி வைத்து முடித்துவிடுங்கள்.

எல்லா நிலையிலும் ஆடினால் இரண்டு வகை. மூடி பக்கவாட்டில் ஆடாமல், தூக்கினால் மட்டும் சுலபமாக வந்துவிடுகிறது என்றால் அதைக் குறை என்றே நான் சொல்ல மாட்டேன். குங்குமச் சிமிழை ஒரு கையால் திறக்க வேண்டும். இன்னொரு கையில் பூஜைத் தட்டோ குழந்தையோ இருக்கும். மூடி எடுக்கும்போது ‘பொக்’ என்று சத்தம் வர வேண்டும் என்பது கடைபவர்களின் பெருமை, வீட்டில் புழங்குகிறவர்கள் கேட்பது வேறு.

பக்கவாட்டில் ஆடினால் சரி செய்யத்தான் வேண்டும். ஆட்டம் மயிரிழை அளவு என்றால் கழுத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். நார் எழும்பும். காய்ந்த பிறகு உப்புத்தாள் போடாமல் ஒரு கோட் அவலரக்குப் பாலிஷ் கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே பிடித்துக்கொள்ளும். போதாவிட்டால் இரண்டு மூன்று கோட். சூப்பர் க்ளூவின் நீர்த்த வகையைக் கழுத்தில் ஓட்டி, காய்ந்த பிறகு மெல்லத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவதும் உண்டு. வேலை செய்யும், ஆனால் வெளிர் மரத்தில் கறையாகத் தெரியும்.

பிறகு பார்க்க வேண்டியது சரிவு. கழுத்து நுனியில் மெலிந்து அடியில் தடித்திருந்தால் மூடி கடைசி ஒரு மில்லியில்தான் பிடிக்கும், கை பட்டதும் எகிறும். வெர்னியரில் நுனியையும் அடியையும் அளந்தால் தெரிந்துவிடும். கழுத்து உயரம் போதுமானதாக இருந்தால் அடியை நேராக்கி, மூடி விளிம்பை ஒரு மில்லி சீவி இறக்கலாம். இரண்டு பரப்பும் இணையாக இருந்தால் கழுத்து 5, 6 மி.மீ. உயரம் இருந்தாலே தாராளம்.

அரை மில்லிக்கு மேல் ஆடினால் பூச்சு எதுவும் நிற்காது. பழைய கழுத்தை முழுதும் சீவிவிட்டு, வேறு நிற மரத்தில் ஒரு வளையம் கடைந்து ஒட்டி, அதில் புதுக் கழுத்து எடுங்கள். தேக்குச் சிமிழில் கருமரக் கழுத்து வைத்தால் வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருக்கும். வளையம் ஒட்டும் அளவுக்குச் சுவரில் தடிமன் இல்லையென்றால் அடிப்பெட்டியைப் புதிதாகக் கடைய வேண்டியதுதான்.

## மூடியின் ரேகையும் பெட்டியின் ரேகையும் சேரவில்லை

மூடியைத் திருப்பிச் சேர்ந்துவிட்டால் பிழையே இல்லை. சேரவில்லையென்றால், வெட்டிப் பிரித்தபோது நடுவில் போன மரம் அதிகம். 3 மி.மீ. பார்ட்டிங் டூலுக்குப் பதில் 1.5 மி.மீ. மெல்லியதை வைத்துப் பிரியுங்கள். கழுத்தையும் கட்டையின் நடுவிலிருந்து எடுக்காமல், முடிந்தவரை பிரித்த இடத்தை ஒட்டியே எடுங்கள். கழுத்து உயரம் அத்தனையும் ரேகையிலிருந்து கழிகிறது. செய்து முடித்த சிமிழில் இதற்குத் தீர்வு கிடையாது. இணைப்பின் மேலும் கீழும் ஸ்கியூ என்னும் சாய்முனை உளியால் ஒரு மெல்லிய பள்ளக் கோடு போட்டுவிட்டால் கண் அங்கே தடுக்கி நின்றுவிடும்.

## மறுபடி சக்கில் மாட்டினால் ஆட்டமாக ஓடுகிறது

லேத்தை நிறுத்தி, சக்கைக் கையால் சுற்றிக்கொண்டே, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டில் ஊன்றிய பென்சிலைக் கட்டையின் அருகே கொண்டுபோங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் ஆட்டம் உண்மைதான்.

முதலில் தூள். சக்கின் தாடைகளுக்கு இடையே ஒரு சீவல் மாட்டியிருந்தாலே போதும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து மறுபடி மாட்டுங்கள். சக்கைக் கழற்றி, அது மாட்டியிருந்த சுழல்தண்டின் (ஸ்பிண்டில்) மரையையும், சக் உட்காரும் தோள் பகுதியையும் துடையுங்கள்.

அடுத்து பிடியின் உருவம். பிடியின் நுனி சக்கின் அடியில் முட்டினால் பிடியை ஒட்டிய கட்டையின் தோள் தாடை மேல் உட்காராது, கட்டை நிச்சயம் ஆடும். பிடியின் நீளம் தாடையின் ஆழத்தைவிட ஒன்றிரண்டு மில்லி குறைவாக இருக்க வேண்டும், தோள் தட்டையாக இருக்க வேண்டும். தாடை முழுக்க மூடிய நிலையில் வரும் விட்டத்தைவிடப் பிடி ஒரு சில மில்லி மட்டும் பெரிதாக இருக்கும்போது தாடைகள் ஏறக்குறைய முழு வட்டமாகக் கவ்வும். ரொம்பப் பெரிதாக விட்டால் தாடையின் மூலைகள் மட்டும் கடிக்கும்.

மூன்றாவது, எடுத்த இடத்திலேயே போட்டீர்களா? கட்டையைக் கழற்றும் முன் 1ஆம் எண் தாடைக்கு நேராகப் பென்சில் கோடு போடும் பழக்கம் இருந்தால் பாதித் தொல்லை இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்து, கட்டை நேற்று கழற்றி இன்று மாட்டியதாக இருந்தால், இராத்திரியில் மரம் அசைந்திருக்கிறது. மழைக்காலத்தில் மூடியும் பெட்டியும் ஒரே அமர்வில் முடிவதுபோல் வேலையைத் திட்டமிடுங்கள். முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

புதிதாகக் கடைந்த, காய்ந்த கட்டையும் ஆடினால் சந்தேகம் லேத்தின் மேல் திரும்ப வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சக்கை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ‘டக்’ என்று உணர்ந்தால் பேரிங். பேரிங்கின் எண் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும். அதே எண்ணைச் சொல்லி பாரிஸ் பக்கம் லிங்கி செட்டித் தெருவில் கேட்டால் கிடைக்கும். வாங்குவது சுலபம், மாற்றுவதுதான் வேலை. பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லர் இல்லாமல் ஸ்பிண்டிலைச் சுத்தியலால் தட்டி எடுத்தால் மரை கெட்டு, செலவு பல மடங்காகும். கிண்டியிலோ அம்பத்தூரிலோ இருக்கும் டர்னர் பட்டறைக்கு, ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கோடு எடுத்துப் போய்விடுங்கள். ஸ்பிண்டில் வளைந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து அங்கேயே பார்த்துவிடலாம்.

## குடையும்போது உளி கத்துகிறது, அதிர்கிறது

உளியைத் தீட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். மெய்யாகவே பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். வெட்டுமுகத்தைக் குடைவதில் முனை சீக்கிரம் மழுங்கும், தேக்கில் இன்னும் சீக்கிரம். அந்த மரத்துக்குள் மணல் சத்து உண்டு.

தீட்டியும் கத்தினால் டூல் ரெஸ்ட் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். சிமிழ் ஆழமாக ஆக ரெஸ்டை வாய்க்கு அருகே நகர்த்திக்கொண்டே போக வேண்டும். உளியின் நீட்டல் கூடக்கூட அதிர்வும் கூடும். அடுத்து வேகம். 60 மி.மீ. கட்டையைக் குடைய 1000 முதல் 1200 சுற்று வைத்து ஆரம்பியுங்கள். கத்தினால் 100, 200 கூட்டியோ குறைத்தோ பாருங்கள், கத்தல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் பிடித்துக்கொள்ளும்.

சுவர் ஏற்கெனவே மெலிந்துவிட்டதா? வெளிப்பக்கத்தை இடது கை விரல்களால் லேசாகத் தாங்கிக்கொண்டு, கூரான முனையால் மயிரிழை சீவுங்கள். ரெஸ்டுக்கும் கட்டைக்கும் நடுவில் விரலை விடாதீர்கள். முழுக்கைச் சட்டை, வளையல், தொங்கும் துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது.

வெளிப்பக்கம் கடையும்போதும் அதே அதிர்வு வந்தால் கோளாறு உளியில் இல்லை. மேலே பேரிங் சோதனை இருக்கிறது, அங்கே போங்கள்.

## உள்ளே அடிப்பரப்பு அசிங்கமாக இருக்கிறது

நடுவில் ஒரு குமிழ் நிற்கிறது. உளி முனை மையத்துக்குக் கீழே ஓடுகிறது, அல்லது மேலே. லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கின் கூர்முனையைக் கட்டைக்கு அருகே கொண்டுவந்து அந்த உயரத்துக்கு ரெஸ்டைச் சரி செய்யுங்கள்.

நார் பிய்ந்து சொரசொரப்பாக இருக்கிறது. மழுங்கிய ஸ்க்ரேப்பர். தீட்டி, மையத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து வெட்டுங்கள். மென்மரம் என்றால் ஒரு கோட் நீர்த்த அவலரக்குப் பாலிஷ் கொடுத்து நாரை விறைப்பாக்கிவிட்டுக் கடைசிச் சீவலைப் போடுங்கள். 80 உப்புத்தாளைப் போட்டு அழுத்துவது தீர்வு மாதிரித் தெரியும். சூடேறி அடியில் நட்சத்திரம்போல வெடிப்பு விழும், அப்புறம் அது நிற்காது.

அடி ஓட்டையாகிவிட்டது. ஆழத்தை அளக்காமல் குடைந்ததன் பலன். துளையைப் பெரிதாக்கி வேறு மரத்தில் ஒரு வட்டு அடைத்துவிடுங்கள். அடுத்ததற்கு டிரில் பிட்டில் மாஸ்கிங் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்து, முதலில் துளை போட்டுவிட்டுக் குடையுங்கள். அடியில் 5, 6 மி.மீ. மிச்சம் வேண்டும், பிறகு பிடியை வெட்டியெடுக்க அதுதான் இடம் கொடுக்கும்.

## கழுத்திலோ மூடியிலோ விரிசல்

விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மரத்தின் நட்டநடுப் புள்ளி சிமிழுக்குள் வந்திருந்தால் அங்கிருந்துதான் கிளம்பும், அந்தக் கட்டையை நம்ப முடியாது. அடுத்த முறை அந்தப் புள்ளியைத் தவிர்த்துக் கட்டையைப் பிளந்து எடுங்கள்.

கழுத்து விளிம்பிலிருந்து நீளவாக்கில் இறங்கினால், மூடியை இறுக்கிப் போட்டு வெளிப்பக்கம் கடைந்தபோது வந்ததாக இருக்கலாம். அந்த வேலைக்கு மூடி நன்றாகப் பிடிக்க வேண்டும், சுத்தியால் அடித்து இறக்கும் அளவுக்கு வேண்டாம். பிடிப்பு போதாவிட்டால் இணைப்பைச் சுற்றி மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடித்துக் கடையுங்கள்.

மயிரிழை விரிசலுக்குள் நீர்த்த சூப்பர் க்ளூவை விட்டு உடனே மரத்தூளைத் தேய்த்தால் மூடிக்கொள்ளும். நகம் நுழையும் விரிசல் என்றால் சிமிழை மறுபடி லேத்தில் ஓட்டாதீர்கள். பறந்து வரும் பாதி மூடியை முகத்தில் வாங்க வேண்டாம். முழுமுகக் கவசம் இல்லாமல் எந்தச் சிமிழையும் கடையவே கூடாது என்பேன், மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடு இல்லை.

## பாலிஷில் பிரச்சினை

மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. நவம்பர் மாதத்துச் சென்னைக்கே உரிய நோய். தின்னரோ ஸ்பிரிட்டோ ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. மதியம் வெயில் வரும்வரை பொறுங்கள், சில நேரம் தானே தெளியும். தெளியாவிட்டால் லேக்கர் மேல், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரையும், அவலரக்குப் பாலிஷ் மேல் வெறும் ஸ்பிரிட்டையும் துணியில் நனைத்து லேசாக ஓட்டினால் ஈரம் வெளியேறும். மழை கொட்டும் நாளில் பாலிஷ் போடாதீர்கள். அரக்குக் குச்சியோ மெழுகோ போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

அரக்கு திட்டுத் திட்டாக நிற்கிறது. சூடு போதவில்லை. சுற்றும் மரத்தில் குச்சியை அழுத்தும்போது பிறக்கும் உராய்வுச் சூட்டில்தான் அரக்கு உருகி ஓட வேண்டும். வேகத்தைக் கூட்டி, சின்னப் பரப்பாக அழுத்துங்கள். கர்நாடகத்துச் சன்னபட்ணா கடைசல்காரர்கள் இதன் மேல் காய்ந்த தாழை ஓலையை அழுத்தி இழுத்துச் சமன் செய்து பளபளப்பு ஏற்றுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் தாழை கிடைத்தால் விடாதீர்கள். மரம் எண்ணெய்ப்பசையானது என்றால் அரக்கு செதிலாக உரியும், முதலில் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

உள்ளே சிக்கு வாடை. சமையல் எண்ணெய் தடவியிருப்பீர்கள். மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை, எண்ணெய் காறிப்போகும். ஸ்பிரிட்டில் துடைத்து, மூடியைத் திறந்து ஒரு வாரம் வெளிக்காற்றில் வையுங்கள். உள்ளே அவலரக்குப் பாலிஷ் அல்லது தேன்மெழுகு மட்டும் போதும். ஏலக்காய் வைக்கப் போகிற டப்பா என்றால் உட்பக்கத்தை வெறுமையாக விடுவதே நல்லது.

## சிமிழைச் சுற்றி மாவு போலத் தூள்

குண்டூசித் துளையும் அதன் கீழே மாவும் தெரிந்தால் வண்டு. ரப்பர் மரம், மா, எந்த மரமானாலும் வைரம் பாயாத வெளிர் பகுதி, இவற்றில் வரும். தூளைத் தட்டிவிட்டு, கறுப்புத் தாள் மேல் ஒரு வாரம் வையுங்கள். புதுத் தூள் விழவில்லை என்றால் பழைய துளை, மெழுகால் அடைத்துவிடலாம். விழுந்தால் அந்தச் சிமிழை மற்ற மரங்களோடு வைக்காதீர்கள். மிச்சக் கட்டைகளைக் கடையும் முன் போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசலில் ஊறவைத்துக் காய வையுங்கள். வீட்டுக் கதவு, கட்டிலிலும் துளை தெரிந்தால் பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரர்களைக் கூப்பிட வேண்டிய நேரம்.

## கடைய ஆரம்பித்தாலே தும்மல்

வாகை மரத் தூளுக்கு இந்தக் குணம் உண்டு. முதலில் மரத்தை மாற்றிப் பாருங்கள். என்95 முகக்கவசம் போட்டும், ஜன்னலைத் திறந்து வைத்தும் நிற்கவில்லை, அல்லது மூச்சு இழுக்கிறது, தோல் தடிக்கிறது என்றால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எந்த மரம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

## மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள், உறுமவிட்டால் சுருள் எரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

### கையால் சுற்ற வரவில்லை

ஸ்பிண்டில் லாக் போட்டிருக்கிறதா? டெயில்ஸ்டாக் அளவுக்கு மீறி அழுத்துகிறதா? புல்லியில் சீவல் சிக்கியிருக்கிறதா? மூன்றும் இல்லை என்றால் பேரிங், மேலே சொன்னதுபோல டர்னரிடம் போகும் வேலை.

### கையால் தாராளமாகச் சுற்றுகிறது

மே மாத இராத்திரி, தெருவெல்லாம் ஏசி ஓடும் நேரம் என்றால் முதலில் வோல்டேஜ். விளக்கு மங்கலாக எரிகிறதா பாருங்கள். மெல்லிய ஒயர் போட்ட நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

சாதா இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் அடுத்த சந்தேகம் கெப்பாசிட்டர். உப்பியோ எண்ணெய் கசிந்தோ இருந்தால் அதுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையும் வோல்டேஜையும் போனில் படம் எடுத்து எலக்ட்ரீஷியனிடம் காட்டினால் அதே அளவில் மாற்றிக் கொடுப்பார். சக்கைக் கையால் சுற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டு ஓட வைக்கும் குறுக்குவழியை யாராவது சொல்லித் தந்தால் கேட்காதீர்கள், விரல் போகும்.

வேகக் குமிழ் வைத்த சின்ன லேத் என்றால் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். விட்டுவிட்டு ஓடும், பொறி பறக்கும். பிரஷ் மலிவு, பல லேத்களில் நீங்களே மாற்றலாம். வேகக் குமிழுக்குள் மரத்தூள் புகுந்து வேகம் தாறுமாறாக ஏறி இறங்குவதும் உண்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தால் சரியாகும். கண்ட்ரோல் போர்டில் கருகிய வாடை வந்தால் அது எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரின் வேலை. போர்டைக் கழற்றும் முன் எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், ரிச்சி தெருவில் பாகம் தேடும்போது அந்தப் படம் உதவும்.

### தொட்டால் ஷாக் அடிக்கிறது

மேலே சொன்ன எதையும் முயலாதீர்கள். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சோதிக்கும்வரை லேத்தைத் தொட வேண்டாம். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று கடைகிற மொட்டைமாடிக் கொட்டகை என்றால், வரும் எலக்ட்ரீஷியனிடமே மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு ஆர்சிசிபியும் மாட்டச் சொல்லிவிடுங்கள்.